முடக்குவாதமும் காலணியும்: மருந்துச்சீட்டில் விடுபட்ட ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த, உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) பற்றிய கட்டுரையைப் படித்தேன். இந்நோய்க்கான முதன்மை மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்பதையும், அதனுடன் ஃபோலிக் அமிலம் எதற்காகத் தரப்படுகிறது என்பதையும், நோய் தலைகாட்டிய முதல் சில மாதங்களுக்குள் சிகிச்சையைத் தொடங்கிவிட்டால் மூட்டுகளைப் பெருமளவு காப்பாற்றிவிடலாம் என்பதையும் கட்டுரையாளர் தெளிவாக எழுதியிருந்தார். ஆனால் கைவிரல், மணிக்கட்டு, முழங்கால் என்று விரிவாகப் பேசிய அக்கட்டுரை கணுக்காலுக்குக் கீழே இறங்கவே இல்லை. அரசு மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், விடுபட்ட அந்தப் பகுதியைப் பற்றியும், குறிப்பாக இந்நோய் உள்ளவர்கள் காலில் எதைப் போட்டுக்கொள்ள வேண்டும், எதைப் போடக்கூடாது என்பது பற்றியும் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

முடக்குவாதம் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை, நோயின் ஏதாவது ஒரு கட்டத்தில் பாதவலிக்கு ஆளாகிறார்கள் என்பது மருத்துவ உலகில் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. சிலருக்கு நோய் கையில் தெரிவதற்கு முன்பே காலில் தெரிந்துவிடுகிறது. அப்படித் தெரியும்போது, நாற்பது வயதைத் தொட்ட பெண் என்றால் உடல் எடைமீதும், ஆண் என்றால் யூரிக் ஆசிட்மீதும் பழியைப் போட்டுவிட்டு வலி மாத்திரையோடு அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. காலையில் எழுந்தவுடன் பாதத்தின் முன்பகுதி மரக்கட்டைபோல் இறுகிக் கிடந்து, அரைமணி, ஒரு மணி நேரம் கழித்தே இளகுகிறது என்றால், அந்த முன்பகுதியை இரு பக்கமும் பிடித்து மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். விரல்களின் அடிமூட்டுகளில் சுருக்கென்று வலித்தால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப அது ஒன்றே போதுமான காரணம். சில நொடிகளில் முடியும் சோதனைதான். ஆனால் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து கையை மேசைமேல் நீட்டுகிறார், கால் மேசைக்கு அடியில் இருக்கிறது. போதாக்குறைக்கு, நம் ஊர் வழக்கப்படி செருப்பை மருத்துவர் அறையின் வாசலிலேயே கழற்றிவிட்டு வருகிறார். ஆகவே அவர் எதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார் என்பது மருத்துவரின் கண்ணில் படுவதே இல்லை.

இந்தச் செருப்பு எவ்வளவு செய்தி சொல்லும் என்பது எங்கள் துறையினருக்குத் தெரியும். குதிகாலின் உள்பக்கம் மட்டும் தேய்ந்து, மேல்வார் உள்நோக்கிச் சரிந்திருந்தால், பாதத்தின் உள்வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநாண் அழற்சியால் நைந்து, பாதம் தட்டையாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முன்பகுதியில், இரண்டாவது மூன்றாவது விரல்களின் அடியில், ரப்பர் குழிந்து பள்ளமாகியிருந்தால், உடலின் எடை முழுவதும் எந்த எலும்பு முனைகளில் இறங்குகிறது என்பதை எக்ஸ்ரே எடுக்காமலேயே சொல்லிவிடலாம். எனவே நோயாளிகளுக்கு நான் எப்போதும் சொல்லிவந்தது, புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வராதீர்கள், அன்றாடம் போடுகிற பழைய செருப்பை ஒரு பையில் வைத்து உள்ளே எடுத்து வாருங்கள் என்பதுதான்.

பாதத்துக்குள் என்ன நடக்கிறது என்பது புரிந்தால், காலணியைத் தேர்வதற்குத் தனியாக விதிகள் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விரல்கள் தொடங்கும் இடத்தில் உள்ள ஐந்து சிறு மூட்டுகளே பாதத்தில் இந்நோய் முதலில் குறிவைக்கும் இடம். மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு அழற்சியால் தடித்து, எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் நார்களைத் தளர்த்திவிடுகிறது. கட்டுத் தளர்ந்ததும் பாதத்தின் முன்பகுதி விரிந்து அகலமாகிறது. பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய, அதன் அடிமூட்டு உட்பக்கமாகப் புடைத்து நிற்கிறது. மற்ற விரல்கள் மேலே தூக்கி மடங்கிக்கொள்கின்றன. விரல்கள் மேலேறும்போது, எலும்பு முனைகளின் அடியில் இயற்கை வைத்திருக்கும் கொழுப்பு மெத்தையும் முன்னோக்கி நகர்ந்துவிடுவதால், எலும்புக்கும் தரைக்கும் நடுவில் தோல் ஒன்றுதான் மிஞ்சுகிறது. கூழாங்கல்மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். அவர்கள் உணரும் கற்கள் அவர்களுடைய எலும்புகளே.

அந்த எலும்பு முனைகளுக்கு அடியில் தோல் தடித்துக் காய்த்துப்போகிறது. உடனே கால் ஆணி என்று முடிவுகட்டி, மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும் அமிலப் பட்டையை வாங்கி ஒட்டுவதும், சவரப் பிளேடால் சீவி எடுப்பதும் வீட்டுக்கு வீடு நடக்கின்றன. மற்றவர்களுக்கே இது ஆபத்து. முடக்குவாத நோயாளிகள் பெரும்பாலும் நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் தோல் மெலிந்து காகிதம்போல் ஆகியிருக்கும். அங்கே பிளேடு பட்ட ஒரு சிறு கீறல் ஆறாத புண்ணாகி, கிருமி எலும்புவரை இறங்குவதற்கு வழி உண்டு. காய்ப்பைச் சீவினாலும், அழுத்தும் காரணம் அப்படியே இருப்பதால் சில வாரங்களில் அது திரும்ப வளர்ந்துவிடும். காய்ப்புக்கு மருந்து, அந்த இடத்திலிருந்து பாரத்தை வேறு இடத்துக்கு மாற்றுவதுதான். அதைச் செய்யக்கூடியது காலணி.

நம் ஊரில் பெரும்பாலோர் அணிவது ஹவாய் செருப்பு. விலை குறைவு, மழையில் நனைந்தாலும் கெடாது, வாசலில் குனியாமலே கழற்றி மாட்டலாம். இவையெல்லாம் உண்மை. ஆனால் முடக்குவாதம் உள்ள பாதத்துக்கு இதைவிடப் பொருந்தாத காலணி வேறொன்று இருக்குமா என்பது எனக்கு ஐயம். பின்னால் பிடிமானம் இல்லாததால், ஒவ்வோர் அடியிலும் செருப்பு நழுவாமல் இருக்க விரல்கள் கீழ்நோக்கி இறுகிப் பற்ற வேண்டியிருக்கிறது. மூட்டு நழுவி மேலே தூக்கி நிற்கும் விரல்களால் அது முடியாது, முயன்றால் வலிக்கும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் நுழையும் வார், ஏற்கெனவே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் விரல்களைப் பிளந்து தேய்க்கிறது. நாள்பட்ட செருப்பின் அடிப்பகுதி தேய்ந்து மெலிந்து, சாலையில் கிடக்கும் ஜல்லிக் கல்லை அப்படியே காலுக்குக் கடத்துகிறது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு வந்தவர்களை, முடக்குவாதம் இல்லாதவர்களிடையே கூட, நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; ஸ்டீராய்டால் எலும்பு பலவீனமானவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பெண்களின் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்நோய் இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. இரண்டாவது விரலில் மெட்டி அணிந்திருக்கும் பெண்ணுக்கு அவ்விரல் வீங்கினால், வெள்ளி வளையம் தசைக்குள் புதைந்து, சுற்றிலும் தோல் வெளுத்துப் புண்ணாகிறது. கழற்றுவது அமங்கலம் என்று கருதி, விரல் நீலம் பூக்கும்வரை பொறுத்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் மெட்டியை வெட்டி எடுத்த சம்பவங்களும் உண்டு. நோய் இன்னதென்று தெரிந்த அன்றே, வீக்கம் வருவதற்கு முன்பாகவே, மெட்டியைக் கழற்றிவிட வேண்டும் அல்லது வாய் திறந்த, தளர்த்தக்கூடிய மெட்டியாக மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் இதற்குத் தடை சொல்லாமல் முன்னின்று செய்துவைத்தால் நல்லது.

கண்காட்சிகளிலும் கோயில் கடைவீதிகளிலும், உள்ளங்காலில் முள்முள்ளாகக் குத்தும் புடைப்புகள் வைத்த அக்குபிரஷர் செருப்புகளை, மூட்டுவலி தீரும் என்ற விளம்பரத்தோடு கூவி விற்கிறார்கள். பிள்ளைகள் பெற்றோர்மீதுள்ள அன்பால் வாங்கித் தருகிறார்கள். கொழுப்பு மெத்தை நகர்ந்துபோன ஒரு பாதத்தை அந்தப் புடைப்புகளின்மேல் வைப்பது வலியை விலைகொடுத்து வாங்குவதாகும். முடக்குவாதம் உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

அப்படியானால் எதை வாங்குவது? முதலில் பார்க்க வேண்டியது அகலமும் ஆழமும்; நீளம் அதற்குப் பிறகுதான். நம் கடைகளில் 6, 7, 8 என்று நீளத்துக்குத்தான் எண் உண்டு, அகலத்துக்குக் கிடையாது. ஆகவே முன்பாதம் அகன்றவர் 6 எண் இறுக்குகிறது என்றால் 8 எண்ணை எடுத்துவிடுகிறார். அகலம் கிடைத்துவிடுகிறது, ஆனால் பாதம் உள்ளே முன்னும் பின்னும் சறுக்குகிறது, காலணி மடங்க வேண்டிய இடமும் விரல்கள் மடங்கும் இடமும் ஒத்துப்போவதில்லை, தடுக்கி விழும் வாய்ப்பும் கூடுகிறது. இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மாலையில், பகல் முழுவதும் நடமாடிக் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு பழைய செய்தித்தாளின்மேல் முழு எடையையும் ஊன்றி நின்று, வேறொருவரைக் கொண்டு இரண்டு பாதங்களையும் பென்சிலால் சுற்றி வரையச் சொல்லுங்கள். அந்த வடிவத்தைக் கத்தரித்துக் கடைக்கு எடுத்துச் சென்று, காலணியின் உள்தளத்தின்மேல் வைத்துப் பாருங்கள். தாள் எந்தப் பக்கத்திலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மிக நீண்ட விரலுக்கு முன்னால், அது பெருவிரலாக இல்லாமல் இரண்டாவது விரலாகக்கூட இருக்கலாம், ஏறக்குறைய 1 செ.மீ. இடம் மிஞ்ச வேண்டும். இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இருப்பது அரிது என்பதால் பெரிய பாதத்துக்கு வாங்கி, சிறிய பாதத்தின் இடைவெளியைக் காலணிக்குள் வைக்கும் உள்ளட்டையால் (இன்சோல்) நிரப்பிக்கொள்ளலாம்.

ஆழம் என்று நான் சொல்வது, மேலே தூக்கி மடங்கிய விரல்களின் கணுக்கள் காலணியின் மேல்பகுதியில் உரசாத அளவுக்கு உள்ளே உயரம் இருக்க வேண்டும் என்பதை. மேல்பகுதி மென்மையான தோலாகவோ நெகிழக்கூடிய துணியாகவோ இருந்தால் புடைப்புக்கு ஏற்றபடி இடம் கொடுக்கும், ரெக்சின் கொடுக்காது. உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். தையல் மடிப்பு எதுவும் விரலுக்கு நேராகத் தட்டுப்படக் கூடாது. பழுது பார்த்த செருப்பு என்றால், அடித்த ஆணி முனை மேலே எட்டிப் பார்க்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தடவிப் பார்ப்பது நல்லது. கைவிரல்களும் பாதிக்கப்பட்டவர்கள் இந்தச் சோதனையை வீட்டில் உள்ள மற்றவரிடம் விட்டுவிடலாம்.

குதியின் உயரம் 2.5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. உயரம் கூடக்கூட எடை முன்பகுதிக்குச் சரிகிறது, அங்கேதான் நோய் இருக்கிறது. அதற்காகத் தாள்போல் மெலிந்த தட்டைச் செருப்பும் கூடாது. பின்பக்கம் குதிகாலை அணைத்துப் பிடிக்கும் உறுதியான சுவர், அல்லது குறைந்தபட்சம் இறுக்கித் தளர்த்தக்கூடிய பின்வார், கட்டாயம் வேண்டும். கடையில் வாங்குமுன் காலணியை இரு கைகளிலும் எடுத்து, முனையையும் குதியையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் சற்று வளைந்தால் நல்ல காலணி. நடுப்பகுதியில் இரண்டாக மடிந்தாலோ, துணி பிழிவதுபோல் முறுக்க முடிந்தாலோ அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். டாக்டர் செருப்பு, ஆர்த்தோ செருப்பு என்ற பெயர்களில் வரும் பஞ்சுபோன்ற காலணிகள் பல இந்தச் சோதனையில் தோற்றுவிடுகின்றன. காலை வைத்தவுடன் சுகமாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்தப் பஞ்சு சில வாரங்களில் அமுங்கிவிடும், எலும்பு முனைகள் மீண்டும் தரையைத் தொடும்.

நோய் முற்றி, அடிமூட்டுகளை மடக்கும்போதெல்லாம் வலிப்பவர்களுக்கு, முனை மேல்நோக்கி வளைந்து படகின் அடிப்பாகம்போல் உருளும் அடித்தளம் பெரிதும் உதவும். குதிகாலைத் தூக்கி அடுத்த அடி எடுத்துவைக்கும் கணத்தில் விரல்மூட்டுகள் மடங்க வேண்டிய வேலையைக் காலணியே உருண்டு செய்துவிடுகிறது. இதைப் புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை. பொருத்தமான காலணியின் அடியில் கூடுதல் ரப்பர் ஒட்டி இந்த வளைவை உண்டாக்கித் தர, காலணிப் பிரிவு உள்ள மருத்துவமனைகளின் தொழில்நுட்பர்களுக்குத் தெரியும். ஆனால் அடித்தளம் உயர்வதால், தள்ளாட்டம் உள்ளவர்கள் அதைப் போட்டு நடந்து பழகிய பிறகே தெருவில் இறங்க வேண்டும்.

உள்ளட்டையைப் பற்றி ஒரு தவறான வழக்கம் பரவலாக இருக்கிறது. வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே பஞ்சுத் திண்டு ஒட்டினால் அழுத்தம் கூடத்தான் செய்யும். திண்டு வைக்க வேண்டிய இடம், எலும்பு முனைகளுக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக. அது எலும்பின் தண்டுப் பகுதியைத் தூக்கிப் பிடிக்கும்போது முனைகளின் மீதான பாரம் குறைகிறது. சரியான இடத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் கையாண்ட முறை எளியது: உள்ளங்காலில் காய்த்த இடங்களில் உதட்டுச்சாயத்தைத் தடவி, உள்ளட்டையின்மேல் ஓர் அடி நடக்கச் சொல்வோம், சிவப்பு பதிந்த இடத்துக்கு உடனே பின்னால் திண்டு அமையும். கடைகளில் விற்கும் சிலிகான் திண்டுகளை வாங்கி ஒட்டுபவர்களும் இதையே செய்து பார்க்கலாம். உள்ளட்டை வைப்பதற்கு முன்பு காலணியில் அதற்கான ஆழம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாதம் மேலே உயர்ந்து, கீழே தணிந்த வலி விரல் கணுக்களுக்கு இடம் மாறிவிடும்.

புதுக் காலணியை முதல் நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் மட்டும் அணிந்துவிட்டுக் கழற்றிப் பாதத்தைப் பார்க்க வேண்டும். எங்காவது தோல் சிவந்து, அரைமணி நேரம் கழித்தும் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் காலணி அழுத்துகிறது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. தோல் உரிந்தாலோ நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்போது எடுத்துக்கொண்டிருக்கும் முடக்குவாத மருந்துகளின் பட்டியலையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

இந்நோய் கால், கை இரண்டையும் ஒருசேரத் தாக்குவதால், காலணியைக் கையாளுவதே சிலருக்குப் பெரிய வேலை. காலையில் விரல்கள் இறுகியிருக்கும் ஒருவரால் ஷூ நாடாவை முடிச்சுப் போட முடியாது, பக்கிள் ஊசியைத் துளையில் நுழைக்கவும் முடியாது. வெல்க்ரோ பட்டை இதற்குத் தீர்வு. அதுவும் அகலமான, நீண்ட நாக்கு உடைய பட்டையாக இருந்தால் உள்ளங்கையால் தட்டியே ஒட்டிவிடலாம். நீண்ட பிடி வைத்த காலணிக் கரண்டி ஒன்று வாசலில் தொங்கினால் குனிய வேண்டாம். காலணி அலமாரி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவைத்தால், ஒற்றைக்காலில் சுவரைப் பிடித்துத் தடுமாறும் நிலையும் இல்லை.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது நம் வழக்கம். நோயுள்ளவர் ஒரு நாளில் எடுத்துவைக்கும் அடிகளில் பெரும்பகுதி, தெருவில் அல்லாமல், சமையலறைக்கும் கொல்லைக்கும் கூடத்துக்கும் இடையில்தான் நடக்கின்றன. தரையோ டைல்ஸ் அல்லது கிரானைட், இரண்டுமே கல். வெளியே போடும் செருப்பை உள்ளே போடக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வீட்டுக்கென்று தனியாக, பின்வார் வைத்த, வழுக்காத ஒரு சோடி வைத்துக்கொள்வதில் எந்த ஆசாரமும் கெட்டுவிடாது. கோயில்களில் வெயில் நேரத்தில் பிராகாரக் கல்லில் நடக்க நேர்ந்தால், கனத்த பருத்திக் காலுறை ஓரளவு உதவும்.

நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்களின் நிலை தனி. துணிக்கடை, நகைக்கடை உட்படக் கடைகளில் வேலை செய்யும் ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்ததை நாம் அறிவோம். அச்சட்டம் எல்லாக் கடைகளிலும் நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பதைக் கடைக்குப் போகிற எவரும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். சீருடையோடு சேர்த்து ஒரே மாதிரிச் செருப்பைக் கட்டாயமாக்கும் நிறுவனங்கள், மருத்துவரின் கடிதம் கொண்டுவரும் ஊழியருக்கு மட்டுமாவது விலக்கு அளிக்க வேண்டும்.

காலணி வலியைக் குறைக்கும் என்பதற்குச் சான்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். முடக்குவாதத்துக்கான தாங்கு சாதனங்களைப் பற்றி 2000-களின் தொடக்கத்தில் வெளிவந்த கோக்ரேன் தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட அறிக்கை, ஆழம் கூடிய காலணிகளும் பாதத்தின் அச்சுக்கேற்ப வார்த்த உள்ளட்டைகளும் நிற்கும்போதும் நடக்கும்போதும் படியேறும்போதும் உண்டாகும் வலியைக் குறைக்கின்றன என்று கண்டது. அதில் சேர்க்கப்பட்ட ஆய்வுகள் சிறியவை, எண்ணிக்கையிலும் குறைந்தவை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்தது, பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் எனப்படும் அமைப்பு 2018-இல் வெளியிட்ட முடக்குவாத வழிகாட்டுதல். பாதப் பிரச்சினை உள்ள எல்லா முடக்குவாத நோயாளிகளுக்கும் பாத மருத்துவ வல்லுநரைப் பார்க்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்றும், தேவைப்படுவோருக்கு உள்ளட்டையும் சிகிச்சைக் காலணியும் கிடைக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. காலணி நோயைக் குணப்படுத்தாது. மருந்தை நிறுத்திவிட்டுக் காலணியை நம்புவது பெருந்தவறு. மருந்து அழற்சியை அடக்குகிறது, ஏற்கெனவே உருமாறிவிட்ட பாதத்தை அன்றாடம் நடக்க வைப்பது காலணியின் வேலை.

இதற்கெல்லாம் வெளிநாட்டை அண்ணாந்து பார்க்க வேண்டிய தேவை தமிழ்நாட்டுக்கு இல்லை என்பதுதான் இக்கடிதத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு பணியாற்றியவர்களும், உணர்ச்சியற்ற பாதங்களில் தொழுநோயாளிகளுக்கு ஏற்படும் புண்களுக்கு அழுத்தமே காரணம் என்று நிறுவி, அதைத் தவிர்க்கும் காலணிகளை வேலூரிலும், 1955-இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் உருவாக்கினார்கள். நுண்துளை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு என்று நாம் இன்று அறிவது அந்த உழைப்பின் தொடர்ச்சிதான். ஆணி அடிக்காமல் செய்யப்படும் அச்செருப்பு, தேசிய தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ்த் தேவையானவர்களுக்கு இலவசமாகத் தரப்படுகிறது. நீரிழிவு நோயாளிகளின் கால்களைக் காக்க, பாதம் பாதுகாப்போம் என்ற பெயரில் தமிழ்நாடு அரசு தனித் திட்டம் வைத்திருக்கிறது. இரண்டும் பாராட்டத்தக்கவை. இந்த வரிசையில் முடக்குவாத நோயாளி எங்கே என்று தேடினால் இல்லை. அவருடைய பாதத்தில் உணர்ச்சி இருக்கிறது, ஆகவே வலிக்கிறது, வலிப்பதால் புண் வருமுன் விலகிக்கொள்வார் என்ற எண்ணம் ஒருவேளை காரணமாக இருக்கலாம். வலியால் நடையையே விட்டுவிடுகிறார் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

எம்.சி.ஆர். செருப்பை அப்படியே எடுத்து நீட்டினாலும் போதாது. முடக்குவாதப் பாதத்துக்கு மென்மையோடு அகலமும், உருளும் அடித்தளமும், குதியைப் பிடிக்கும் உறுதியும் தேவை. தோற்றமும் முக்கியம். ஒரு காலத்தில் அந்தக் கறுப்புச் செருப்பைக் கண்டாலே தொழுநோய் என்று ஊர் அடையாளம் கண்டுகொண்டதால், தொழுநோயாளிகளே அதைப் போட மறுத்த வரலாறு உண்டு. திருமண வீட்டுக்குப் போட்டுப்போக முடியாத காலணியை எந்தப் பெண்ணும் தொடர்ந்து அணிய மாட்டார். மூலையில் கிடக்கும் காலணி எவ்வளவு நுட்பமாகத் தயாரிக்கப்பட்டிருந்தாலும் பயனில்லை. நோயாளி சொல் கேட்பதில்லை என்று குறை சொல்வதை விட்டுவிட்டு, நிறத்தையும் வாரின் அமைப்பையும் அவரே தேர்ந்தெடுக்க விட வேண்டும்.

சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்து, இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்று கண்டறிந்தது. அதன் அடிப்படையில் 'பா' என்ற புதிய இந்திய அளவு முறை முன்மொழியப்பட்டிருக்கிறது. நோயில்லாதவர்களுக்கே நம் கடைகளில் புழங்கும் இங்கிலாந்து அளவுச் செருப்பு இறுக்குகிறது என்றால், முன்பாதம் விரிந்துபோன முடக்குவாத நோயாளியின் அவதியைச் சொல்லவும் வேண்டுமா? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் பதனிட்ட தோலும் தைத்த ஷூக்களும் உலகச் சந்தைகளுக்குக் கப்பலேறுகின்றன. 2022-இல் தமிழ்நாடு அரசு காலணித் தொழிலுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. அத்தனை திறனும் இருக்கும் வட்டாரத்தில், முதுமை எய்திய ஒரு தாய்க்கு அகலமான, வெல்க்ரோ வைத்த, நாகரிகமான ஒரு சோடிச் செருப்பு உள்ளூர்க் கடையில் கிடைப்பதில்லை.

ஆகவே, அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக நான் வைக்கும் கோரிக்கை இது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முடக்குவாத நோயாளிகளுக்கான மருந்துச்சீட்டில் பாதப் பரிசோதனைக்கும் காலணிக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட வேண்டும். செயற்கை உறுப்புகளும் தாங்கு சாதனங்களும் செய்யும் பட்டறை இருக்கும் மருத்துவமனைகளில், சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் தொடங்கி, அந்தச் சீட்டைக் கொண்டுவருபவருக்கு அளவெடுத்து உள்ளட்டையும் காலணியும் தைத்துத் தர வேண்டும். பட்டறை இல்லாத மாவட்டங்களுக்கு மாதம் ஒரு நாள் தொழில்நுட்பரை அனுப்பினாலே போதும். தொழுநோய், நீரிழிவுத் திட்டங்களுக்காக ஏற்கெனவே கொள்முதலாகும் அதே ரப்பர், அதே கைகள், அதே இயந்திரங்கள்தான் இதற்கும் வேண்டியவை. காலணித் தயாரிப்பாளர்கள் தம் பங்குக்கு, ஒவ்வொரு நீளத்திலும் குறைந்தது இரண்டு அகலங்களையாவது சந்தைக்குக் கொண்டுவர வேண்டும்.

தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் பாதப் பராமரிப்புக்கென்று ஒரு தனிக் கட்டுரையை, மூட்டுவாதவியல் மருத்துவர் ஒருவரையும் காலணித் தொழில்நுட்பர் ஒருவரையும் சேர்த்து எழுதவைத்து, படங்களோடு வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். திண்டு ஒட்ட வேண்டிய இடத்தை எழுத்தில் விளக்குவதைவிடப் படத்தில் காட்டுவது எளிது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர்,
வேலூர் மாவட்டம்.